மூன்றாவது ஐம்பது

1997-இல் கேஷ் கவுண்டரில் முதன்முதலாக உட்கார்ந்த அன்று, என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில்தான் இருந்தது. நோட்டு எண்ணும்போது விரலை நனைத்துக்கொள்ள ஸ்பான்ஞ்சு போட்டு வைக்கும் கிண்ணம். அதற்கு முந்தைய பதினோரு வருடம் விடிவதற்குள் எழுந்து தண்ணீரில் இறங்கியவன் நான். தலைமைக் கேஷியர் அந்தக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "இதுதான் தம்பி இனிமே உன் குளம்" என்றார். கவுண்டரில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எனக்கு ஊர் திருவல்லிக்கேணி. பத்து வயதில் மெரினா நீச்சல் குளத்தில் ஆரம்பித்தேன். சளி பிடிக்கும் என்று அம்மா பயந்தார். அப்பா மட்டும், கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நீந்தத் தெரியாவிட்டால் எப்படி என்று கூட்டிக்கொண்டு போனார். 1994-இல் குற்றாலீசுவரன் பன்னிரண்டு வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தபோது சென்னையில் நீச்சலுக்கு ஒரு சின்ன மவுசு வந்தது. அதுவரை 'நீச்சலா, அதுல என்ன வேலை கிடைக்கும்' என்று கேட்ட சொந்தக்காரர்கள்கூட அந்த ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் நான் மூன்று முறை மாநிலச் சாம்பியன். அந்தப் பந்தயத்தைப் பிடித்துப்போய் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. மற்ற பந்தயங்களில் இடம் கிடைக்காதவர்களைக் கோச் அதில் தள்ளிவிடுவார். நான் அப்படிப் போனவன்தான்.

எங்கள் கோச் கையில் ஒரு ஸ்டாப்வாட்சும் அட்டை கிழிந்த ஒரு நோட்டும் எப்போதும் இருக்கும். 200 மீட்டரை நான்கு ஐம்பதாகப் பிரித்து ஒவ்வொன்றின் நேரத்தையும் எழுதுவார். என் நல்ல நாள் ஒன்றின் கணக்கு இன்னும் மனப்பாடம்: 29, 34, 35, 36. மொத்தம் 2 நிமிடம் 14 நொடி. அவர் மொத்தத்தைப் பார்க்கவே மாட்டார். மூன்றாவது எண்ணை மட்டும் பேனாவால் வட்டமிடுவார். "டேய், கடைசி ஐம்பதை எவன் வேணா அடிப்பான், சுவரு கண்ணுக்குத் தெரியுதுல்ல. மூணாவதைக் காட்டு எனக்கு." முதல் ஐம்பதில் உடம்பு புதுசு. இரண்டாவதில் தாளம் பிடித்துவிடும். மூன்றாவதில் கை இரும்பாகும், மூச்சு போதாது, முடிவு இன்னும் தூரத்தில் இருக்கும். கேலரியில் இருப்பவர்களும் கத்தமாட்டார்கள்; அவர்கள் கடைசி ஐம்பதுக்காகத் தொண்டையைச் சேமித்து வைத்திருப்பார்கள். பந்தயம் தோற்பது அங்கேதான்.

வங்கியில் இருபத்தேழு வருடம் ஆகிவிட்டது. நீச்சலிலிருந்து நான் அப்படியே எடுத்துக்கொண்டு வந்த ஒரு விஷயத்தைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். வங்கி வருடம் மார்ச் 31-இல் முடிகிறது. மார்ச்சில் எல்லாக் கிளையும் ராத்திரி பத்து மணி வரை விளக்கு எரிய வேலை செய்யும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, மூன்றாவது காலாண்டில்தான் சோர்வு: ஆயுத பூஜை, தீபாவளி, மழை, லீவு. இன்றைக்கு எந்தக் கிளைக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது டிசம்பர் மாத எண்ணிக்கையைத்தான். மார்ச் எண்ணிக்கை அழகாக இருந்து டிசம்பர் மோசமாக இருந்தால், அந்த அழகு ஏப்ரலில் கரைந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

இந்த மாதிரி ஒன்றிரண்டு விஷயம் உண்டு. ஆனால் பள்ளி ஆண்டு விழாக்களில் என்னைக் கூப்பிட்டு 'விளையாட்டு உங்களுக்கு ஒழுக்கம், விடாமுயற்சி, வலியைத் தாங்கும் குணம் எல்லாம் தந்ததைப் பற்றிப் பேசுங்கள்' என்பார்கள். கடைசியாகச் சொல்கிறார்களே, வலியைத் தாங்கும் குணம், அதனால் நான் இரண்டு முறை கெட்டேன். மேடையில் அதைச் சொன்னால் தலைமை ஆசிரியர் முகம் சுருங்கும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதல் முறை 1995. டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி சென்னையில் நடந்தது. வேளச்சேரி நீச்சல் வளாகம் அதற்காகக் கட்டியதுதான். அணித் தேர்வுக்கு நான்கு மாதம் முன்பே என் வலது தோளில் வலி. பட்டர்ஃப்ளையில் இரண்டு கையும் ஒரே சமயத்தில் தலைக்கு மேலே சுழன்று வர வேண்டும். ஒரு பயிற்சியில் ஆயிரம் தடவைக்கு மேல். தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசைநார் எலும்புகளுக்கு இடையில் சிக்கி உரசி உரசிப் புண்ணாகும். நீச்சல்காரர்களுக்கு இது சகஜம், ஆரம்பத்திலேயே ஓய்வும் சரியான பயிற்சியும் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கோச்சிடம் சொன்னால் மூன்று வாரம் கையைத் தூக்க விடமாட்டார், காலை மட்டும் அடிக்கச் சொல்லிப் பலகையைக் கொடுத்துவிடுவார் என்று பயந்தேன். ஐயோடெக்ஸ் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். தண்ணீரில் இறங்குவதற்கு முன் குளியலறையில் தேய்த்துக்கொள்வேன். குளோரின் வாசனை அதை அமுக்கிவிடும், யாருக்கும் தெரியாது. நல்ல தந்திரம் என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

தேர்வில் மூன்றாவது ஐம்பதில் கை மேலே வரவில்லை. கடைசிக்கு முந்தைய ஆளாக வந்து சுவரைத் தொட்டேன். வேளச்சேரி குளத்தை நான் முதன்முதலில் நன்றாகப் பார்த்தது கேலரியில் உட்கார்ந்துதான். கோச் திட்டவில்லை. "எத்தனை நாளாடா?" என்று மட்டும் கேட்டார். நான்கு மாதம் என்றேன். நோட்டை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் ஒப்புக்கு நீந்தினேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வங்கி வேலை வந்தது. எங்கள் வங்கியில் வாலிபாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் டீம் இருந்தது. நீச்சலுக்கு நான் ஒருவன்தான். வாலிபால் ஆட்கள் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பிப் பயிற்சிக்குப் போவார்கள், அவர்களை யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கு அந்தச் சலுகையும் இல்லை, ஆனால் 'ஸ்போர்ட்ஸ் கோட்டா ஆளு, கணக்கு வராது' என்ற பேர் மட்டும் முழுசாகக் கிடைத்தது.

அந்தப் பேரைப் பொய்யாக்கத்தான் கவுண்டரில் வேகம் காட்டினேன். பக்கத்துக் கவுண்டர் ஆள் எத்தனை டோக்கன் முடித்திருக்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். நீச்சலில் பக்கத்து லேனைத் திரும்பிப் பார்க்காதே என்று பதினோரு வருடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது அங்கே மறந்துவிட்டது. இரண்டாவது மாதம் ஒரு நாள், ஐந்நூறு தர வேண்டிய ஒருவருக்கு ஐயாயிரம் கொடுத்துவிட்டேன். மாலை கணக்கு முடிக்கும்போது 4,500 ரூபாய் குறைந்தது. கேஷில் குறைந்தால் கேஷியர்தான் கட்ட வேண்டும், அது இன்றைக்கும் அப்படித்தான். என் சம்பளத்தில் பெரும்பகுதி அது. யார் வாங்கிக்கொண்டு போனார் என்றே தெரியவில்லை. தலைமைக் கேஷியர் தன் பையிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டு, நான்கு மாதத்தில் திருப்பித் தரச் சொன்னார். "கையில இருக்கிற கட்டை முடிச்சுட்டு அப்புறம் நிமிர்ந்து பாரு தம்பி. வரிசை எங்கயும் போயிடாது" என்றார். பிறகு எனக்குக் கீழே வேலை பார்த்த எல்லாக் கேஷியர்களுக்கும் இந்த வாக்கியத்தை அப்படியே சொல்லியிருக்கிறேன். அவர் பேரைச் சொல்லாமல் சொன்னது தப்புதான்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சி நின்றது, பசி நிற்கவில்லை. காலையில் எட்டு இட்லி, மதியம் மூன்று முறை சோறு என்ற கணக்கு அப்படியே தொடர்ந்தது. இரண்டு வருடத்தில் பதினான்கு கிலோ ஏறினேன். விளையாட்டை விடும் பிள்ளைகள் ஒரே நாளில் விடாதீர்கள். பயிற்சியையும் சாப்பாட்டையும் சேர்த்து ஆறு மாதத்தில் படிப்படியாகக் குறையுங்கள்.

2003-இல் ஆபீசர் ஆனேன். அதற்கு முன்பே ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. இரண்டையும் முடித்திருந்தேன். வங்கிக்காரர்களுக்குத் தெரியும், வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இவை வங்கி ஊழியர்கள் எழுதும் தொழில்முறைத் தேர்வுகள். பாஸ் பண்ணினால் இன்கிரிமென்ட் உண்டு, பதவி உயர்வுக்கும் கை கொடுக்கும். காலை நான்கரை மணிக்கு எழும் பழக்கம் இதற்குத்தான் உதவியது. குளத்துக்குப் போகாத நேரத்தில் படித்தேன், அவ்வளவுதான்.

இரண்டாவது முறை கெட்டது பள்ளிபாளையத்தில்.

அங்கே மேனேஜராக இருந்தபோது ஒரு விசைத்தறிக்காரருக்குத் தறி வாங்கவும் நூல் வாங்கவும் கடன் கொடுத்தேன். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். 2010-11-இல் நூல் விலை தாறுமாறாக ஏறியது. அது அடங்குவதற்குள் மின்வெட்டு. 2012-இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலே கரண்ட் போனதை அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் பட்டறைக்குப் போனால் தறிச் சத்தம் இருக்காது. அந்த ஊரில் தறிச் சத்தம் இல்லாத தெரு, பண்டிகை நாளைத் தவிர, வயிற்றைக் கலக்கும். தறிக்கு மேலே பாதி நெய்த துணி அப்படியே நிற்கும். ஆட்கள் திண்ணையில் உட்கார்ந்து கரண்டுக்காகக் காத்திருப்பார்கள். "ஜெனரேட்டர் போட்டா டீசலுக்கே கூலி பத்தாதுங்க சார். தீபாவளிக்குள்ளார கட்டிப்புடறனுங்க" என்பார்.

வங்கிக்காரன் கண்ணுக்கு அறிகுறிகள் எல்லாம் வரிசையாக வந்தன. மாதாமாதம் வர வேண்டிய ஸ்டாக் ஸ்டேட்மென்ட், அதாவது கையிருப்புச் சரக்குக் கணக்கு, முதலில் பத்து நாள் தாமதமாகி, பிறகு இருபது நாள் ஆனது. கணக்கில் வரவு குறைந்தது, செக் ஒன்று திரும்பியது. வட்டி எண்பத்தெட்டாவது நாளில் வந்து விழுந்தது. தொண்ணூறு நாள் தாண்டினால் வாராக்கடன் ஆகிவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கிருந்தோ கைமாற்று வாங்கிக் கட்டியிருக்கிறார். நான் அப்போதே மண்டல அலுவலகத்துக்கு எழுதி, தவணைக் காலத்தை நீட்டிக் கடனை மாற்றியமைக்கக் கேட்டிருக்கலாம். அன்றைய விதிகளில் அதற்கு வழி இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் என் கிளையில் ஒரு கணக்கு நோயாளி என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. 'இன்னும் ஒரு மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொள்வோம், சுவர் வந்துவிடும்' என்று தோன்றியது. என் அதிகார வரம்புக்குள் தற்காலிகமாகக் கடன் லிமிட்டைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன். அந்தப் பணத்திலேயே பழைய வட்டி கட்டப்பட்டது. ரிப்போர்ட்டில் கணக்கு ஆரோக்கியமாகத் தெரிந்தது.

ஐயோடெக்ஸ்தான். வேறு பாட்டிலில்.

அந்த நாட்களில் நீச்சல் உலகத்திலும் இதே மாதிரி ஒரு கூத்து நடந்து முடிந்திருந்தது. 2009-இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில், பாலியூரித்தேன் உடை போட்டுக்கொண்டு வீரர்கள் 43 உலகச் சாதனைகளை உடைத்தார்கள். அந்த உடை உடம்பைத் தண்ணீரில் மேலே தூக்கிப் பிடிக்கும், உராய்வைக் குறைக்கும். 2010 ஜனவரியிலிருந்து தடை செய்துவிட்டார்கள். நான் செய்தித்தாளில் படித்துவிட்டு, 'உடை கொடுத்த நேரம் இவன் நேரமா?' என்று நண்பர்களிடம் வியாக்கியானம் பண்ணினேன். என் கிளையின் கணக்குக்கு அப்படி ஓர் உடையை நானே தைத்துப் போட்டேன்.

இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டியது. அதற்குள் அவர் கடன் இன்னும் பெரிதாகியிருந்தது, நூல்காரருக்கும் கந்துவட்டிக்காரருக்கும் வேறு பாக்கி. தறிகளை விற்கும்படி ஆனது. எனக்குச் சார்ஜ் மெமோ, அதாவது குற்றச்சாட்டுக் கடிதம், வந்தது. என் மேல் லஞ்சம் வாங்கிய குற்றச்சாட்டு எதுவும் இல்லை, கண்காணிப்புக் குறைபாடு என்று முடிந்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது. என் நஷ்டம் அவ்வளவுதான். அவருடைய நஷ்டம் இருபத்து நான்கு தறி. ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் பாதித் தறியாவது தப்பித்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். 2014-இலிருந்து முப்பது, அறுபது, தொண்ணூறு நாள் என்று கட்டம் கட்டமாகத் தாமதக் கணக்குகளைத் தனியே அடையாளம் காட்டும் முறை வந்தது. எங்கள் ஆட்கள் கூடுதல் ரிப்போர்ட் என்று முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை.

2016 நவம்பருக்கு வருகிறேன். அப்போது மதுரையில் ஒரு பெரிய கிளைக்குத் தலைமை மேலாளர். எட்டாம் தேதி இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். ஒன்பதாம் தேதி வங்கி மூடல், பத்தாம் தேதி திறந்தபோது வரிசை தெரு முனையைத் தாண்டியிருந்தது. ஒருவருக்கு 4,000 ரூபாய் வரை மாற்றித் தரலாம். என்னிடம் ஐந்து கவுண்டர், ஏழு கேஷியர். முதல் நாள் எல்லோரும் ஒரே மூச்சில் உட்கார்ந்தார்கள். மாலை மூன்று கவுண்டரில் பணம் குறைந்தது, ஒரு பெண் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டார்.

குளத்தில் நாங்கள் ஒரே மூச்சில் ஒரு கிலோமீட்டர் வேகமாக நீந்துவதில்லை. நூறு மீட்டர் பத்து முறை, ஒரு நிமிடம் நாற்பது நொடிக்கு ஒரு முறை அடுத்த நூறுக்குக் கிளம்ப வேண்டும். முடித்த வேகத்தைப் பொறுத்துப் பத்துப் பதினைந்து நொடி ஓய்வு கிடைக்கும். அந்தப் பதினைந்து நொடிதான் பத்தாவது நூறையும் முதல் நூறு மாதிரி நீந்த வைக்கும். மறுநாள் அதையே செய்தேன். தொண்ணூறு நிமிடம் கவுண்டர், பத்து நிமிடம் கட்டாய ஓய்வு, சுழற்சி முறையில். ஒரு கவுண்டர் எப்போதும் மூடியிருக்கும். வெளியே வெயிலில் நிற்பவர்கள் சும்மா விடுவார்களா? "அங்க ஒருத்தன் டீ குடிக்கிறான், நாங்க இங்க காயறோம்" என்று ஒரு பெரியவர் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சத்தம் போட்டார். நியாயம்தான். நான் அறைக்குள் உட்காராமல் வாசலில் நின்றேன், வயசானவர்களைத் தனி வரிசைக்கு மாற்றினேன், தண்ணீர் கேன் வைத்தோம். ஊழியர்களே முதலில் ஓய்வு வேண்டாம், வேலை தேங்கும் என்றார்கள். வேண்டாம் என்றவர்களை எழுப்பி அனுப்பினேன். அப்புறம் வந்த நாட்களில் எங்கள் கிளையில் ஒரே ஒரு முறைதான் பணம் குறைந்தது, அதுவும் இருநூறு ரூபாய்.

இப்போது உதவிப் பொது மேலாளர். வேலை பெரும்பாலும் மீட்டிங். விளையாட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி வந்து கேட்பார்கள், அவர்களுக்கு நான் சொல்வது சலிப்பூட்டும் விஷயங்கள். சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்குக் கலந்துகொண்டதற்கான அழகான சர்டிபிகேட் போதாது; மத்திய அரசு வேலை என்றால் தேசியப் போட்டிக்கு மாநிலச் சங்கத்திடமும், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் பல்கலைக்கழகத்திடமும் அதற்கென்று உள்ள படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். போட்டி முடிந்த மாதத்திலேயே வாங்குங்கள். ஐந்து வருடம் கழித்துப் போனால் கையெழுத்துப் போட வேண்டியவர் மாறியிருப்பார். டிகிரியை விடாதீர்கள். வேலை கிடைத்ததும் முதல் மூன்று வருடத்தில் துறைத் தேர்வுகளை முடியுங்கள், கல்யாணத்துக்கு அப்புறம் என்றால் நடக்காது. வெளியூர் மாற்றலுக்கு முகம் சுளிக்காதீர்கள். நான் கடனைக் கற்றுக்கொண்டது சென்னையில் இல்லை.

போன மாதம் எங்கள் அலுவலகத்து கிளார்க் பெண் ஒருத்தி லீவு லெட்டரோடு வந்தாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவள், பளு தூக்குபவள். மாநிலப் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம். முகாமுக்கு இருபது நாள் ஸ்பெஷல் லீவு வேண்டும் என்றாள். உட்காரும்போது வலது காலை நீட்டி வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். கேட்டேன். "முழங்கால்ல கொஞ்சம் வலி சார். கோச்சுக்குத் தெரியாது. சமாளிச்சிடுவேன்."

லெட்டரில் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு அதைக் கையில் கொடுக்காமல் மேஜையிலேயே வைத்துக்கொண்டு, "உங்க கோச்சுக்கு இப்பவே போன் போடும்மா, இங்க உட்கார்ந்தே" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். முதல் தடவை பிஸி. இரண்டாவது தடவை மணி அடித்து அடித்து நின்றது. மூன்றாவது தடவை எடுத்தார்.